சொந்த ஊரில் சுற்றுலாப் பயணி - உத்திரமேரூர்

எங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த சரித்திரம் மொத்தமும் ஒரு மார்க்குக்கு உரியது. "குடவோலை முறை பற்றிக் கூறும் கல்வெட்டு எங்கு உள்ளது?" விடை: உத்திரமேரூர். பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்வி வந்தால் எங்கள் வகுப்பே சிரிக்கும். காப்பி அடிக்கத் தேவையில்லாத ஒரே கேள்வி அது!

சரியாகச் சொன்னால் என் ஊர் உத்திரமேரூர் இல்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். ஆனால் வெளியூரில் யாராவது கேட்டால் உத்திரமேரூர் என்றுதான் சொல்வேன். மேல்நிலைப் பள்ளி, ரேஷன் கார்டு வேலை, தீபாவளித் துணி, பல்வலி, எல்லாவற்றுக்கும் உத்திரமேரூர்தான். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் அந்தக் கோயிலை எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். உள்ளே போனதில்லை. கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்களே, அதுபோல.

இந்தத் தை மாதம் கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் சேலத்துக்காரன். ஒருவன் மதுரைக்காரன். இன்னொருத்தி திருவனந்தபுரத்துத் தோழி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் இரண்டு நாள் எங்கள் வீட்டில். "உங்க ஊர்ல பார்க்க என்னடா இருக்கு?" என்று சேலத்துக்காரன் கேட்டபோது, வேடந்தாங்கலைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். தோழி விடவில்லை. "எலக்‌ஷன் கல்வெட்டு உங்க ஊர்தானே? அதைக் காட்டு" என்றாள். மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நாளில் நான் சுற்றிப் பார்த்ததும், பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரின் கதை

உத்திரமேரூர் சென்னையிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காஞ்சிபுரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள். கி.பி. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்தில், வேதம் படித்த பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்து உண்டாக்கிய ஊர். அப்போதைய பெயர் உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். காஞ்சிபுரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயிலைக் கட்டினானே, அதே நந்திவர்மன்தான். பல்லவருக்குப் பிறகு சோழர், நடுவில் கொஞ்ச காலம் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன், பிறகு பாண்டியர், சம்புவராயர், விஜயநகரத்தார் என்று வந்தவர் எல்லாம் இங்கே கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1970இல் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் சேர்ந்து இந்த ஒரு ஊரைப் பற்றி மட்டும் பிரெஞ்சு மொழியில் ஒரு தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் அச்சாகியிருக்கிறது. என் ஊரைப் பற்றிப் பிரெஞ்சில் புத்தகம் இருப்பது எனக்குத் தெரிந்தது இப்போதுதான் :-)

முதல் நாள் காலை சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். இது மூன்று அடுக்குக் கோயில். கீழே பெருமாள் நின்ற கோலம், நடு அடுக்கில் இருந்த கோலம், மேல் அடுக்கில் கிடந்த கோலம். படியேறிப் படியேறி மூன்றையும் பார்க்கலாம். பஞ்ச பாண்டவர்கள் ஆளுக்கொரு வரதரை வழிபட்டார்கள் என்று தலபுராணம். சேலத்துக்காரன் ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுத்தான். நான் ஏதோ பெரிய வழிகாட்டி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "இது எந்தக் காலம்?" என்று மதுரைக்காரன் கேட்டான். "பழைய காலம்" என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னை எதுவும் கேட்கவில்லை.

கல்லில் எழுதிய சட்டம்

மதியத்துக்குப் பிறகு வைகுண்டப் பெருமாள் கோயில். அங்கேதான் அந்தக் கல்வெட்டு. ஊர்ச் சபை கூடிய மண்டபம் இது. அடித்தளம் பழையது, மேலே உள்ள கட்டுமானம் காலப்போக்கில் மாறியிருக்கிறது. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

சுவரைச் சுற்றிச் சுற்றி எழுத்து. நாங்கள் நாலு பேரும் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இன்னாப்பா தேடறீங்க? எலக்‌ஷனா? அந்தாண்ட போய்ப் பாருங்க" என்று கையைக் காட்டினார். வெளியூர்க்காரர்கள் என்று நினைத்துவிட்டார் போல. "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். என் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். "ஏம்ப்பா, அங்கேர்ந்து இதைப் பாக்க இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். நண்பர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்திய எழுத்து என்றாலும் முழுக்க அந்நியமாக இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, இடையிடையே கிரந்த எழுத்து வரும். ஆனால் 'ட', 'ப', 'ம' எல்லாம் பார்த்தவுடனே தெரிகிறது. ஆளுக்கு ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருந்தோம்.

இரண்டு கல்வெட்டுகள் முக்கியமானவை. இரண்டும் முதலாம் பராந்தக சோழன் (கி.பி. 907-955) காலம். மதுரையை வென்றதால் அவனுக்கு 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று பட்டம். முதல் கல்வெட்டு அவனது 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டு, 921. ஊரின் வாரியங்களுக்கு (இன்றைய மொழியில் கமிட்டி) ஆள் எடுப்பது எப்படி என்று இரண்டும் சொல்கின்றன. முதலில் போட்ட விதியை இரண்டே வருடத்தில் திருத்தி இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். முதல் விதியில் வயது 30க்கு மேல் 60க்குள். திருத்திய விதியில் 35க்கு மேல் 70க்குள்.

முறை இதுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதுவார்கள். அந்தக் குடும்பின் ஓலைகளை ஒரு கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே ஓர் ஓலை வைத்து, குடத்தில் போடுவார்கள். சின்னவர் பெரியவர் எல்லாரும் சேர்ந்து மகாசபை கூடும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அதே பையன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான்.

இங்கே ஒரு விவரம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மத்தியஸ்தன் அந்த ஓலையை ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன்? கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! பிறகு அவன் வாசிப்பான். அவன் வாசித்தது போதாது, அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயர் ஏறும். இப்படி 30 குடும்புக்கும் ஒவ்வொருவர்.

அந்த 30 பேரில், வித்தையிலும் வயதிலும் மூத்தவர்கள், ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் என 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு முழுதும் ஊர்க் காரியம் பார்க்கும் வாரியத்துக்கு. 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. 6 பேர் ஏரி வாரியத்துக்கு. 12+12+6=30. கணக்கு உதைக்கவே இல்லை. பொன்னின் மாற்றுப் பார்க்கும் பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாகச் சீட்டெடுத்து ஆளுக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் செய்தால் அப்போதே வெளியே. கடந்த மூன்று வருடத்தில் எந்த வாரியத்திலாவது இருந்தவர் பெயர் குடத்தில் விழாது.

"எங்க ஊர்லேயும் இப்படித்தான்" என்றாள் தோழி. சபரிமலை மேல்சாந்தியை இன்றும் சீட்டெடுத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பந்தளம் அரச குடும்பத்துக் குழந்தைகள் சீட்டெடுப்பார்கள். குருவாயூரிலும் மேல்சாந்திக்குச் சீட்டுத்தான். பிறகு படித்தபோது இன்னொன்றும் கிடைத்தது. இத்தாலியில் வெனிஸ் நகரத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268இல் ஒரு முறை ஏற்படுத்தினார்கள். அதில் தெருவில் கண்ணில் படும் சின்னப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து பந்தெடுக்க விடுவார்கள். உத்திரமேரூருக்கும் வெனிசுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் பெரியவர்களை நம்ப முடியாது, குழந்தையை நம்பலாம் என்பதில் இரண்டு ஊரும் ஒரே கட்சி. அதற்கும் வெகு காலம் முன்பே ஏதென்ஸில் 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபைக்கு ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள். நம் நாட்டிலும் இது பராந்தகன் காலத்தில் திடீரென்று முளைத்ததில்லை. வாய் கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே உவமையாக வந்துவிடுகிறது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில் கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் கல்வெட்டு ஒன்று, சபையில் யார் கலந்துகொள்ளலாம் என்று விதி போடுகிறது. எந்தத் தீர்மானம் வந்தாலும் 'வேண்டாம் வேண்டாம்' என்றே சொல்லித் தடுப்பவர்களுக்கு 5 காசு அபராதம் என்றும் அதில் இருக்கிறது. இது எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்காவது உடனே பொருந்தும்.

கணக்குக் காட்டாதவன்

தகுதி இல்லாதவர் பட்டியல்தான் இந்தக் கல்வெட்டின் உயிர். முதல் இடம் யாருக்குத் தெரியுமா? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு. அவன் மட்டும் இல்லை. அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு முழுக்க ஓலையில் ஏற முடியாது. அடுத்தவன் பொருளைக் கவர்ந்தவன், மகாபாதகம் செய்தவன் எல்லாம் பின்னால் வருகிறார்கள். கழுதை மேல் ஏற்றப்பட்டவனும் கள்ள ஓலை எழுதியவனும் பொன் வாரியம், பஞ்சவார வாரியம் பக்கமே வரக்கூடாது. கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விடுவது அந்தக் காலத்துத் தண்டனை போலும். கணக்கு எழுதுகிறவனும் தன் காலத்துக் கணக்கைப் பெருங்குறி வாரியத்தாரிடம் ஒப்படைத்துச் சுத்தமானவன் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடி கணக்கெழுத வரலாம்.

"இந்தச் சட்டம் இன்னிக்கு இருந்தா எங்க மாவட்டத்துல சொந்தக்காரன் இல்லாத ஒருத்தனைத் தேடித்தான் பிடிக்கணும்" என்று சேலத்துக்காரன் சொன்னான். அங்கேயே உட்கார்ந்து யார் யார் போவார்கள் என்று பட்டியல் போட்டோம். பட்டியலை இங்கே எழுதவில்லை, எனக்கு இன்னும் படிப்பு முடியவில்லை.

இது வரைக்கும் எனக்கு ஒரே பெருமை. மூன்று நண்பர்களுக்கும் என் வீட்டுச் சொத்தைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

நாலு பேரில் யார்?

அப்போதுதான் மதுரைக்காரன் வாயைத் திறந்தான். "சரிடா... நாம நாலு பேர்ல யார் பேரு அந்தக் குடத்துல விழுந்திருக்கும்?"

தகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்று, வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். ஒரு வேலி என்பது 20 மா, ஏறக்குறைய 6.6 ஏக்கர். அப்படியானால் கால் வேலி சுமார் ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு, தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். மூன்று, வேதமும் மந்திரபிராமணமும் தெரிந்து பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிய வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நன்றாகத் தெரிந்தவர் என்றால் அரைக்கால் வேலி போதும். நாலு, மேலே சொன்ன வயது.

தோழி முதல் சுற்றிலேயே வெளியே. வேதம் என்ற இடத்தில் சேலத்துக்காரனும் மதுரைக்காரனும் வெளியே. நான்?

எங்களுக்கு இருப்பது 60 சென்ட். வேதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் என்னை உறுத்தியது அந்த இரண்டாவது தகுதி. சொந்த மனையில் வீடு.

எங்கள் வீடு இருக்கும் பகுதியை அரசாங்கத் தாளில் காலனி என்று எழுதுவார்கள். ஊரில் சேரி என்பார்கள். கல்வெட்டிலும் சேரி வருகிறது. உத்திரமேரூரில் 12 சேரிகள் இருந்தன. அங்கே அதற்கு வேதம் படித்தவர்கள் வாழ்ந்த பெரிய தெரு என்று பொருள். ஒரு நூற்றாண்டு தள்ளி, தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளில் வரி இல்லாத இடங்களின் பட்டியல் வரும். அதில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. ஆக, அந்தக் காலத்திலேயே இரண்டு வகைச் சேரியும் இருந்திருக்கின்றன. குடத்தில் ஓலை விழுந்தது ஒரு வகைக்கு மட்டும்தான்.

உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு அன்றைய பெயர் வயிரமேக தடாகம். பல்லவர் காலத்து ஏரி. அதைத் தூர் வாருவதற்கென்றே நிலமும் பொன்னும் கொடை கொடுத்திருக்கிறார்கள், கல்வெட்டு இருக்கிறது. ஏரி வாரியத்தில் 6 பேர், ஒவ்வொரு வருடமும் யார் என்று சீட்டெடுத்தார்கள். ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்கள் யார் என்பதற்கு ஓலை இல்லை. எங்கள் ஆயா இப்போதும் நூறு நாள் வேலைக்குப் போய் ஏரி மண்தான் சுமந்தது என்பதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சொந்த மனை விஷயத்துக்கு வருகிறேன். 1891இல் எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், இங்குள்ள பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததை மட்டும் அவர் எழுதவில்லை. குடிசை போட்டிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, அதை வைத்தே மிராசுதார்கள் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதினார். அதன் பிறகுதான் 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். கல்வெட்டில் 'சொந்த மனை' என்று தகுதி எழுதி 970 வருடம் கழித்தும் அதே மண்ணில் அதுதான் பிரச்சினை.

எங்கள் ஆயா ஒரு தகரப் பெட்டியில் மனைப்பட்டாவைச் சுருட்டி வைத்திருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டும். சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். 'இதென்ன, தாளைப் போய்க் காட்டுது' என்று. அன்று ராத்திரி நண்பர்களுக்கும் காட்டியது. இந்த முறை நான் தடுக்கவில்லை.

கல்வெட்டு புகழ் பெற்ற கதை

இந்தக் கல்வெட்டு ஆயிரம் வருடம் சுவரில் இருந்தாலும், உலகத்துக்குத் தெரிந்தது ரொம்பப் பிற்காலத்தில். 1898இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள். வெங்கையா என்ற அறிஞர் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நேரம் அப்படி. இந்தியர்களுக்குச் சுயாட்சி தெரியாது என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். 'இதோ பாருங்கள், உங்கள் நாட்டில் பாராளுமன்றம் வரும் முன்பே எங்கள் கிராமத்தில் தேர்தல்' என்று எடுத்துக் காட்டக் கையில் ஒரு கல் கிடைத்தது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி தன் சோழர் ஆராய்ச்சிகளில் இந்தச் சபைகளுக்குப் பெரிய இடம் கொடுத்தார். இரண்டு கல்வெட்டிலும் அரசனின் ஆணை என்று வருகிறது, சபை கூடும்போது அரசனின் அதிகாரியும் உடன் இருக்கிறார். அதனால் இது ஊர் தானே ஆண்டதா, அரசன் ஆட்டுவித்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள்.

கிராமங்கள் குட்டிக் குடியரசுகள் என்று 1830இல் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதியது பிரபலம். அதையே எடுத்துக்கொண்டு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஒரு போடு போட்டார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம், அதைப் போய்க் கொண்டாடுகிறீர்களே என்ற பொருளில் பேசினார். அரசியல் சட்டத்தில் தனிமனிதனை அலகாக வைத்தது நல்லது என்றார். பலருக்குக் கோபம். அதே மாதம் 22ஆம் தேதி, கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற திருத்தத்தை கே. சந்தானம் கொண்டுவந்தார். நம் தமிழ்நாட்டுக்காரர். அதுதான் இன்றைய 40ஆவது பிரிவு. பிறகு 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பஞ்சாயத்தில் இட ஒதுக்கீடு கட்டாயமானது. தமிழ்நாட்டில் 2016இல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பேச்சில் சொன்னார். அன்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவெல்லாம் ஒரே வாழ்த்து.

மெட்காஃப் கட்சியா, அம்பேத்கர் கட்சியா என்று நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். மதுரைக்காரன் சொன்னது இது: "எங்க மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்னு தலைவர் பதவியைத் தலித்துக்கு ஒதுக்கினதுக்காகப் பத்து வருஷம் ஒழுங்கா தேர்தலே நடத்த விடல. 2006லதான் நடந்துச்சு. மேலவளவுல தலைவரா ஜெயிச்ச முருகேசனை 1997ல பஸ்ஸை நிறுத்தி வெட்டினாங்க. நான் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். மேலவளவுக்கு நானே போனதில்லை." அவனும் தன் ஊரில் சுற்றுலாப் பயணிதான் போல.

அம்மா சொன்னது

எங்கள் அம்மா 2021 அக்டோபரில் நடந்த ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நின்றது. பெண்களுக்கான வார்டு. 11 ஓட்டில் தோற்றது. அதற்குப் பிறகு கிராம சபைக் கூட்டம் எதையும் விடாமல் போகிறது. போய் வரவு செலவைப் படிக்கச் சொல்லும். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவது அதற்குப் பழக்கமில்லை. இதனால் ஊரில் நாலு பேருக்கு அதைப் பிடிக்காது. அப்பாவுக்கும் எனக்குமேகூடச் சில நேரம் சங்கடமாக இருக்கும். "உனக்கு எதுக்கும்மா வம்பு" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் ராத்திரி கேழ்வரகு அடையும் வேர்க்கடலைச் சட்னியும் போட்டுக்கொண்டே, "இன்னாதான் எழுதியிருக்குது அந்தக் கல்லுல?" என்று கேட்டது. எங்கள் நாலு பேருக்கும் அந்தக் கல்லில் இடமில்லை என்பதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னோம். அம்மா ஆச்சரியப்படவே இல்லை. "அது தெரிஞ்ச கதைதானே" என்றது. பிறகு தோழி, கணக்குக் காட்டாதவன் கதையைச் சொன்னாள். உறவு முறைப் பட்டியலோடு முழுசாக.

அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நெஜமாவா? கல்லுல வெட்டியிருக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டது. என்னைப் பார்த்து, "டேய், அதை ஒரு தாள்ல எழுதிக் குடு. குடியரசு தினத்துக்குக் கிராம சபை வருது இல்ல?" என்றது.

எழுதிக் கொடுத்தேன். 921ஆம் ஆண்டு, பராந்தகன், உத்திரமேரூர், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தகுதி இல்லை. ஜனவரி 26 அன்று அம்மா அதைக் கூட்டத்தில் வாசித்ததாம். நான் அதற்குள் சென்னைக்கு வந்துவிட்டேன், போனில்தான் கேட்டேன். சிலர் சிரித்தார்களாம். ஒருவர், "அது ஐயமாருங்க எழுதினது, நமக்கு எதுக்கு?" என்றாராம். அதற்கு அம்மா சொன்னதாம்: "எழுதினவங்க யாரா வேணா இருக்கட்டும். ஏரி நம்மது. கணக்கைப் படிங்க." அன்று கணக்கைப் பாதி வரைக்கும் படித்திருக்கிறார்கள். மீதி அடுத்த கூட்டத்தில் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

இனிமேல் பரீட்சையில் அந்த ஒரு மார்க் கேள்வி வந்தால் எனக்கு எழுத இடம் போதாது.

நண்பர்களே, உங்கள் ஊரில் நீங்கள் பார்க்காமலே கடந்து போகிற கல், கோயில், குளம், கல்லறை ஏதாவது கட்டாயம் இருக்கும். அடுத்த முறை வெளியூரிலிருந்து யாராவது வந்தால் அவர்களைச் சாக்காக வைத்து நீங்களும் போய்ப் பாருங்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்னைப் போல "பழைய காலம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!